சிங்கப்பூர் நூலகங்களில் இத்தனை அதிசயமா? இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. வாழையிலை, மல்லிகைச் சரம், முருங்கைக்காய், பட்டுப்புடவை, ஊருக்குப் பணம் அனுப்பும் வரிசை என்று தமிழருக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே சாலையில் கிடைத்துவிடும். புத்தகம்? அதுவும் காசில்லாமல்? அதற்கும் இடமிருக்கிறது, மிக அருகிலேயே இருக்கிறது!

ராத்திரியில் அலமாரியைச் சரிபார்த்த ரோபோ, கோயில் பணத்தில் எழுந்த நூலகம், ஒரு கோடீஸ்வரர் நன்கொடையோடு சேர்த்துப் போட்ட அருமையான நிபந்தனை, தமிழ் நூல்களுக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கொடுத்த ஏழைத் தொழிலாளிகள்... சிங்கப்பூரின் நூலகக் கதையைத் தோண்டத் தோண்டப் புதையல்தான். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்!

1. லிட்டில் இந்தியாவிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன்!

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் டவுன்டவுன் தடத்தில் ஏறுங்கள். அடுத்தது ரோச்சோர். அதற்கடுத்தது பூகிஸ். இறங்கிச் சில நிமிடம் நடந்தால் விக்டோரியா ஸ்திரீட்டில் 16 மாடி உயரத்துக்கு நிற்கிறது தேசிய நூலகம்! மலேசியக் கட்டடக் கலைஞர் கென் யாங்கின் நிறுவனம் வடிவமைத்த கட்டடம் இது. கொளுத்தும் வெயிலைத் தடுக்க வெளிச்சுவரில் நீளநீளமான நிழல் தகடுகள், மாடிகளுக்கு நடுவே தோட்டங்கள், இரண்டு கட்டடங்களை அந்தரத்தில் இணைக்கும் பாலங்கள் என்று நூலகமே ஒரு காட்சிதான்!

உள்ளே இரண்டு உலகங்கள். அடித்தளத்தில் மத்திய பொது நூலகம். அங்கே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். 7ஆம் மாடியிலிருந்து 13ஆம் மாடி வரை லீ கோங் சியான் மேற்கோள் நூலகம். அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம், குறிப்பெடுக்கலாம், ஆனால் ஒரு தாளைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. அபூர்வமான தமிழ் நூல்கள் இருப்பது இங்கேதான்.

கட்டடம் 2005 ஜூலையில் மக்களுக்குத் திறந்தது. அதிகாரபூர்வத் திறப்பு விழா அதே ஆண்டு நவம்பர் 12. திறந்துவைத்தவர் அதிபர் எஸ்.ஆர். நாதன். இதற்கு முந்தைய தேசிய நூலகக் கட்டடம் திறந்த நாள் எது தெரியுமா? 1960 நவம்பர் 12! நாள் பிசகாமல் 45 ஆண்டு!

2. உள்ளே நுழைய அட்டையே வேண்டாம்!

பொது நூலகத்துக்குள் போக உறுப்பினர் அட்டை தேவையில்லை, கட்டணம் இல்லை, யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதும் இல்லை. நேற்று வந்திறங்கிய சுற்றுலாப் பயணியும் போகலாம், ஞாயிறு விடுமுறை கிடைத்த கட்டுமான ஊழியரும் போகலாம். குளுகுளு அறையில் தமிழ் இதழைப் புரட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம்!

எடுத்துப் போவதற்குத்தான் உறுப்பினராக வேண்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அடிப்படை உறுப்பியம் இலவசம். மற்ற வெளிநாட்டவர் ஆண்டுக் கட்டணம் கட்டிச் சேரலாம்.

3. நாலு பேர் குடும்பம், 64 புத்தகம்!

அடிப்படை உறுப்பினர் ஒரே சமயத்தில் 16 நூல்கள் வரை இரவல் எடுக்கலாம். தவணை 21 நாள். போதவில்லையா? வேறு யாரும் முன்பதிவு செய்யாத புத்தகம் என்றால் இன்னும் 21 நாளுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம். கைப்பேசியிலிருந்தே செய்துவிடலாம்! குழந்தைக்கும் தனிக் கணக்கு உண்டு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 64 புத்தகம், ஒரு காசு செலவில்லாமல்!

இது அச்சுப் புத்தகத்துக்கு மட்டும். மின்னூலுக்கும் ஒலிநூலுக்கும் தனியாக இன்னொரு 16 உண்டு. தவணை முடிந்ததும் மின்னூல் தானாகவே திரும்பிப் போய்விடும். அபராதம் என்ற பேச்சுக்கே இடமில்லை!

அச்சுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதும் சுலபம். எடுத்த நூலகத்துக்கே போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் எடுத்ததை வேலை முடிந்து வரும் வழியில் உட்லண்ட்ஸில் போடலாம், தெம்பனிஸில் எடுத்ததை ஜூரோங்கில் போடலாம். சிங்கப்பூரில் 25க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே வலைப்பின்னல்!

4. உலகம் முழுக்கத் தமிழிலக்கியத்தின் முகவரி: 894.811!

அலமாரியில் தமிழ்ப் புத்தகத்தின் முதுகைப் பாருங்கள். சின்னத் தாளில் ஓர் எண் ஒட்டியிருக்கும். அமெரிக்கர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறை அது. அந்த முறையில் 800 என்றால் இலக்கியம். 894.811 என்றால் தமிழ் இலக்கியம். அதன் வாலில் 1 சேர்ந்தால் கவிதை, 3 சேர்ந்தால் கதை! 894.8111 என்று கண்டால் கவிதை அலமாரிக்கு வந்துவிட்டீர்கள். 894.8113 என்றால் நாவலும் சிறுகதையும். 494.811 என்று தொடங்கினால் தமிழ் மொழி பற்றிய நூல். டூயி முறையைப் பின்பற்றும் நூலகம் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் இதே எண்தான்!

டூயி முறைக்கு மாற்றாக 1933இல் கோலன் பகுப்பு முறையை உலகுக்குத் தந்தவர் யார்? சீர்காழியில் பிறந்த நம் எஸ்.ஆர். ரங்கநாதன்! கணக்கு வாத்தியாராக இருந்தவரை 1924இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் ஆக்கியது. 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளை இன்றும் உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் படிக்கிறார்கள். புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பதுதான் முதல் விதி. பூட்டி வைத்துப் பெருமைப்படுவதற்கு இடமே கொடுக்கவில்லை அவர்!

5. ஒரு காலத்தில் காசு கட்டியவர்களுக்கே நூலகம்!

இன்று இலவசம். ஆனால் தொடக்கம் அப்படியல்ல. 1823இல் ராஃபிள்ஸ் அடிக்கல் நாட்டிய சிங்கப்பூர் இன்ஸ்டிடியூஷன் என்ற பள்ளியில்தான் நூலகத்தின் வேர் இருக்கிறது. 1837இல் அங்கே பள்ளி நூலகம் உருவானது. 1845 ஜனவரியில் சிங்கப்பூர் லைப்ரரி திறந்தது. பங்கு வாங்கியவர்களும் சந்தா கட்டியவர்களும் படிக்க வந்தார்கள். கோயிலுக்குச் சுவர் எழுப்பிய, சாலை போட்ட, துறைமுகத்தில் மூட்டை சுமந்த தமிழனுக்கு அந்தச் சந்தா எட்டாக்கனி. அங்கிருந்தவையும் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்களே.

1874இல் அரசாங்கம் நூலகத்தை எடுத்துக்கொண்டு, அருங்காட்சியகத்தோடு சேர்த்து ராஃபிள்ஸ் நூலகம் என்று பெயர் சூட்டியது. சந்தா முறை மட்டும் தொடர்ந்தது.

6. 1887: ஒரே ஆண்டில் மூன்று பிறப்பு!

1887 அக்டோபர் 12. ஸ்டாம்ஃபர்டு ரோட்டில் ராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமும் புதுக் கட்டடத்தில் கோலாகலமாகத் திறக்கின்றன. அதே ஆண்டு ஜூன் 27. சி.கு. மகுதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழைத் தொடங்குகிறார். அதே 1887இல்தான் யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதர் எழுதிய ‘சிங்கைநகர் அந்தாதி’யும் இங்கேயே அச்சேறுகிறது! டேங்க் ரோட்டில் குடிகொண்ட முருகனைப் பாடும் நூல் அது.

யோசித்துப் பாருங்கள்! ஊர் நடுவே ஆங்கிலம் படித்தவர்களுக்கு மாளிகை போல நூலகம் எழுகிறது. அதே ஊரில் தமிழர்கள் சொந்த அச்சகம் வைத்து, சொந்தப் பத்திரிகை நடத்தி, சொந்தக் கவிதையை அச்சிடுகிறார்கள். இந்த இரண்டு உலகமும் ஒரே கூரைக்குக் கீழே வர இன்னும் எத்தனையோ ஆண்டு ஆயிற்று. இன்று ‘சிங்கை நேசன்’ இதழ்களை எங்கே பார்க்கலாம்? தேசிய நூலகத்தின் மைக்ரோஃபிலிம் சுருளில்!

7. ஒரு சட்டம் காப்பாற்றிய தமிழ்!

நூற்றுமுப்பது ஆண்டுக்கும் முந்தைய தமிழ் நூல்கள் எப்படித் தப்பிப் பிழைத்தன? 1886இல் பிரிட்டிஷ் அரசு ஒரு புத்தகப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது. நீரிணைக் குடியேற்றங்களான சிங்கப்பூரிலும் பினாங்கிலும் மலாக்காவிலும் எந்த மொழியில் புத்தகம் அச்சிட்டாலும் மூன்று பிரதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும்! அரசுக்குத் தேவைப்பட்டது பதிவு. நமக்குக் கிடைத்ததோ வரலாறு! கரையானும் ஈரக்காற்றும் வீடுகளில் இருந்த பிரதிகளைத் தின்றுவிட்டாலும், பதிவுக்குப் போனவை பிழைத்தன.

இந்த ஏற்பாடு இன்றும் வேறு வடிவில் இருக்கிறது. சிங்கப்பூரில் யார் புத்தகம் வெளியிட்டாலும், நான்கு வாரத்துக்குள் இரண்டு பிரதியைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும். உங்கள் தாத்தா சொந்தக் காசில் அச்சடித்த கவிதைத் தொகுப்பாக இருந்தாலும் சரி, அதற்கும் அங்கே நிரந்தர இடம் உண்டு!

இந்த ஏற்பாட்டின் அருமை யாழ்ப்பாணத்தை நினைத்தால்தான் முழுதாகப் புரியும். 1981 மே இறுதியில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் அவற்றில் இருந்தன. ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருக்கும் புத்தகம் எந்நேரமும் ஆபத்தில்தான் இருக்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட பிரதியைக் கேட்டு வாங்கும் ஒரு சட்டம் ஒரு மொழிக்கு எவ்வளவு பெரிய காவல்!

8. போர்க்காலத்தில் புத்தகம் பெருகிய நூலகம்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்தது. நகரம் சூறையாடப்பட்டது. நூலகம்? ஜப்பானியப் பேராசிரியர் தனாகாடேயும் பிரிட்டிஷ் தாவரவியலாளர் கோர்னரும் சேர்ந்து அதைக் காப்பாற்றினார்கள்! எதிரி நாட்டார் இருவர், காப்பாற்ற நினைத்தது ஒரே பொருளை. ஆங்கிலேயர் விட்டுவிட்டுப் போன வீடுகளிலிருந்த புத்தகங்களையும் சேகரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள். சியோனான் நூலகம் என்று பெயர் மாறியது. புத்தகங்கள் பிழைத்தன. 1945 முடிவதற்குள் நூலகம் மறுபடியும் திறந்துவிட்டது!

9. 375,000 வெள்ளியும் ஒரு நிபந்தனையும்!

இதுதான் கதையின் திருப்புமுனை. 1953இல் ரப்பர், அன்னாசித் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய லீ கோங் சியான் 375,000 வெள்ளி தருவதாக அறிவித்தார். அந்தக் காலத்துக்கு அது மலைக்க வைக்கும் தொகை! ஆனால் கூடவே நிபந்தனை போட்டார். நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தோடு நின்றுவிடாமல் இந்த மண்ணில் பேசும் ஆசிய மொழிகளின் நூல்களும் இருக்க வேண்டும்!

1957 ஆகஸ்டு 16ஆம் தேதி அவரே அடிக்கல் நாட்டினார். 1960 நவம்பர் 12ஆம் தேதி ஸ்டாம்ஃபர்டு ரோட்டில் செங்கல் கட்டடம் திறந்தது. திறந்துவைத்தவர் அன்றைய நாட்டுத் தலைவர் யூசோஃப் இஷாக். சீனத்துக்கும் மலாய்க்கும் தமிழுக்கும் அங்கே இடம் கிடைத்தது. சந்தா ஒழிந்தது!

இன்று பள்ளிப் பிள்ளை ஒன்று தமிழ்க் கதைப்புத்தகத்தைச் சும்மா எடுத்துக்கொண்டு போகிறதே, அதற்குப் பின்னால் சீன வணிகர் ஒருவரின் அந்த நிபந்தனை இருக்கிறது. பின்னாளில், 2003இல், லீ அறநிறுவனம் 60 மில்லியன் வெள்ளி வழங்கியது. மேற்கோள் நூலகத்துக்கு அவர் பெயர் வந்தது அதனால்தான்!

10. ஆளுக்கு ஒரு வெள்ளி!

அதே 1950களில் தமிழர்கள் என்ன செய்தார்கள்? மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய ஆய்வியல் துறை வரப்போகிறது என்றதும், அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும், தமிழ் நூலகம் வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதிக்குப் பெயர் வைத்தார். கேட்டது ஆளுக்கு ஒரு வெள்ளி!

தோட்டத் தொழிலாளி கொடுத்தார். துறைமுகக் கூலி கொடுத்தார். துப்புரவுப் பணியாளர் கொடுத்தார். அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. தாங்கள் படிக்கப்போகாத புத்தகத்துக்காக, தங்கள் பிள்ளைகளாவது படிக்கட்டும் என்று கொடுத்த காசு அது. 1956இல் துறை தொடங்கியது, தமிழ் நூல்கள் வந்து சேர்ந்தன. பிறகு துறை கோலாலம்பூருக்குப் போனது. ஒரு கோடீஸ்வரரின் பெருந்தொகையும் ஆயிரமாயிரம் ஏழைகளின் ஒற்றை வெள்ளியும் ஒரே பத்தாண்டில் ஒரே வேலையைச் செய்தன என்பதைப் படிக்கும்போது மெய்சிலிர்க்கிறது!

11. தமிழ்நாடு இதிலும் முன்னோடி!

தனிமனிதர் நன்கொடைக்குக் காத்திருக்காமல் சட்டம் போட்டு நூலகம் கட்டலாமே என்று அதற்கும் முன்பே நினைத்தது, தமிழ்நாட்டை உள்ளடக்கிய அன்றைய சென்னை மாகாணம். 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம்! அதற்குப் பின்னாலும் எஸ்.ஆர். ரங்கநாதன் இருந்தார். சொத்து வரியோடு நூலக வரியும் வசூலாகிறது. தமிழ்நாட்டில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் ஒவ்வொரு புத்தகத்திலும் ஊர்க்காரர் ஒவ்வொருவரின் பங்கும் இருக்கிறது!

12. கம்பத்துக்கு வந்த புத்தக வண்டி!

1960இல் ஹெட்விக் அனுவார் நூலகத்தின் இயக்குநரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் சிங்கப்பூரர் அவர்! நகரத்துக்கு வர முடியாத கம்பத்து, அதாவது கிராமத்துப் பிள்ளைகளைத் தேடி அதே ஆண்டு நடமாடும் நூலகம் கிளம்பியது. மண்சாலையில் வண்டி வந்து நின்றால் போதும், பிள்ளைகள் சூழ்ந்துகொள்வார்கள்.

பிறகு கிளை நூலகங்கள் வந்தன. முதல் முழுநேரக் கிளை குவீன்ஸ்டவுனில், 1970 ஏப்ரல் 30ஆம் தேதி திறந்தது. திறந்துவைத்தவர் பிரதமர் லீ குவான் இயூ. அந்தக் கட்டடம் இன்றும் அதே இடத்தில் நூலகமாகவே இயங்குகிறது. 2013இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகவும் அறிவிக்கப்பட்டது!

புத்தக வண்டி? 2008இல் ‘மோலி’ என்ற பெயரில் பேருந்தாக மறுபிறவி எடுத்தது! சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பள்ளிகளுக்கும் சிறுவர் இல்லங்களுக்கும் போய் நிற்கிறது.

13. இடித்த நூலகத்தின் 5,000 செங்கல்!

ஸ்டாம்ஃபர்டு ரோட்டின் செங்கல் கட்டடம் 2004 மார்ச் 31ஆம் தேதி மூடப்பட்டது. ஃபோர்ட் கேனிங் சுரங்கச் சாலைக்காக அதை இடித்தார்கள். மக்கள் கொதித்தார்கள்! பத்திரிகைக்கு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், மாற்றுத் திட்டம் வரைந்து கொடுத்தார்கள். ஒரு தலைமுறையே பரீட்சைக்குப் படித்த, நண்பர்களைச் சந்தித்த இடமல்லவா? கட்டடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் சுமார் 5,000 செங்கல்லைப் பத்திரமாக எடுத்துப் புதிய நூலகத்தில் சுவராக எழுப்பியிருக்கிறார்கள். பழைய நுழைவாயிலின் இரண்டு தூண்கள் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழக வளாகத்தருகே இன்றும் நிற்கின்றன. அந்தப் பக்கம் போனால் தொட்டுப் பாருங்கள்!

14. உலகத்துக்கே வழிகாட்டிய சில்லு!

புத்தக அட்டைக்குள் ஒட்டியிருக்கும் மெல்லிய வில்லையைக் கவனித்திருக்கிறீர்களா? ஆர்எஃப்ஐடி சில்லு அது. அதில் பேட்டரி கிடையாது! இயந்திரம் அனுப்பும் வானொலி அலையிலிருந்தே தேவையான மின்சக்தியை எடுத்துக்கொண்டு, தான் எந்தப் புத்தகம் என்று பதில் சொல்கிறது. அதனால்தான் நாலைந்து புத்தகத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாலும் இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் படித்துவிடுகிறது. திருப்பும் பெட்டிக்குள் போட்ட மறுநொடியே உங்கள் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது!

பொது நூலகத்தில் இதை உலகில் முதன்முதலில் சோதித்துப் பார்த்த நாடுகளில் சிங்கப்பூருக்கு முன்வரிசை. 1998இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் தொடங்கி, சில ஆண்டுகளுக்குள் எல்லா நூலகங்களுக்கும் கொண்டுபோனார்கள். அதற்கு முன்னால் முகப்பில் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இப்போது அலமாரிக்கு முன்னாலேயே கைப்பேசிச் செயலியில் பட்டைக்குறியை ஸ்கேன் செய்து எடுத்துக்கொண்டு நடந்துவிடலாம்!

15. ராத்திரியில் வேலை பார்த்த ரோபோ!

2016இல் பாசிர் ரிஸ் நூலகத்தில் ‘ஆரோஸ்’ என்ற ரோபோவைச் சோதித்தார்கள். எல்லாரும் வீட்டுக்குப் போனபின் அது அலமாரி அலமாரியாக நகர்ந்து சில்லுகளைப் படிக்கும். இடம் மாறிச் செருகிய புத்தகங்களின் பட்டியலைக் காலையில் ஊழியர் கையில் கொடுத்துவிடும். ஒரு லட்சம் புத்தகத்துக்கு நடுவே தவறான இடத்தில் செருகிய புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம் என்பது நூலகர்களுக்குத்தான் தெரியும்!

16. கோயில் கொடுத்த நூலகம்!

பூகிஸ் வட்டாரத்தில் வாட்டர்லூ ஸ்திரீட் போயிருக்கிறீர்களா? அங்கே ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் தோங் ஹூட் சோ என்ற சீனக் கோயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சீனக் கோயிலில் ஊதுவத்தி ஏற்றியவர்கள் அப்படியே வந்து கிருஷ்ணனுக்கும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுப் போவதை அங்கே எந்த நாளும் பார்க்கலாம்.

அந்தக் குவான் இம் கோயிலின் நன்கொடையும் சேர்ந்துதான் 2013இல் சைனாடவுன் நூலகம் உருவானது! கடைத்தொகுதிக்குள் இருக்கும் அந்த நூலகத்தின் அன்றாட வேலையைத் தொண்டூழியர்கள் கவனித்துக்கொண்டார்கள். சாமிக்குப் போட்ட காணிக்கை புத்தகமாகத் திரும்பி வந்தது!

17. ஓட்டப்பாதை, சமையலறை, பாட்டில் மரம்!

தெம்பனிஸ் வட்டார நூலகம் 2017இல் புதிய இடத்துக்கு மாறியபோது உள்ளேயே ஓட்டப்பாதை வைத்தார்கள்! சமையல் செய்துகாட்டும் கூடமும் உண்டு. 2019இல் விவோசிட்டி கடைத்தொகுதிக்குள் திறந்த ஹார்பர்ஃபிரண்ட் நூலகத்தில் கடலைப் பார்த்தபடி படிக்கலாம். மத்திய பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் 2013இல் ஒரு மர வீடு எழுந்தது. அதன் கிளைப்பரப்பை 3,000க்கும் மேற்பட்ட பழைய பிளாஸ்டிக் பாட்டில்களால் செய்திருந்தார்கள். பிள்ளைகள் அந்த நிழலில் உட்கார்ந்து கதை கேட்டார்கள்!

18. ஐம்பது ஆண்டுத் தமிழிலக்கியம் உங்கள் விரல் நுனியில்!

2015. சிங்கப்பூருக்கு 50 வயது. நாட்டுக்கு என்ன பிறந்தநாள் பரிசு கொடுக்கலாம் என்று தமிழ்ச் சமூகம் யோசித்தது. அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் திரண்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் ஐம்பது ஆண்டில் சிங்கப்பூரில் வெளியான தமிழ்க் கவிதை, கதை, நாவல், நாடகம், கட்டுரை நூல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். எழுத்தாளர்களிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கினார்கள். தேசிய நூலக வாரியத்துடன் சேர்ந்து 350க்கும் மேற்பட்ட நூல்களை மின்வடிவமாக்கினார்கள்!

கடையில் கிடைக்காத, மறுபதிப்பே காணாத எத்தனையோ புத்தகங்கள் இன்று கணினித் திரையில் திறக்கின்றன. மதுரையில் இருப்பவரும் மட்டக்களப்பில் இருப்பவரும் சிங்கப்பூர்த் தமிழன் என்ன எழுதினான் என்று தெரிந்துகொள்ளலாம்!

19. இணையப் பக்கத்துக்கும் நூலகத்தில் இடம்!

இன்றைய எழுத்தில் பாதி தாளுக்கே வருவதில்லை. அது காணாமல் போனால்? 2019 ஜனவரி 31 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, .sg என்று முடியும் இணையத்தளங்களைத் தேசிய நூலக வாரியமே சேமித்து வைக்கலாம். தமிழ்ச் சங்கத்தின் அறிவிப்புப் பக்கமும் கோயிலின் விழாப் பக்கமும் நாளைய வரலாற்று ஆய்வாளருக்குச் சான்றாகிவிடும்!

20. அங் மோ கியோவின் வாசகர் வட்டம்!

புத்தகம் மட்டும் இருந்தால் போதுமா? பேச ஆள் வேண்டாமா? சிங்கப்பூர் வாசகர் வட்டம் அங் மோ கியோ நூலகத்தில் கூடி ஆண்டாண்டு காலமாகத் தமிழ் நூல்களைப் பற்றி விவாதித்து வருகிறது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் நூலகங்களில் தமிழ் நிகழ்ச்சிகள் களைகட்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லும் நேரமும் உண்டு. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குத் தமிழ் காதில் விழ இதைவிட நல்ல இடம் ஏது?

21. உலக நூலகங்களின் பொதுச் செயலாளர்!

உலகெங்கும் உள்ள நூலகச் சங்கங்களின் கூட்டமைப்பு இஃப்லா. 1927இல் எடின்பரோவில் தொடங்கிய அமைப்பு. சிங்கப்பூர் நூலகத் துறையில் பணியாற்றி வளர்ந்த ஆர். இராமச்சந்திரன் 2004இல் அதன் பொதுச் செயலாளரானார்! சின்னஞ்சிறு தீவு உலக நூலகங்களுக்கே ஆளனுப்பியது!

இப்போது உங்கள் முறை!

இத்தனையும் படித்தாயிற்று. இனி ஒரு முக்கியமான விஷயம். பொது நூலகம் எந்தப் புத்தகத்தை வாங்குவது, எதை அலமாரியில் வைத்திருப்பது, எதை எடுத்துவிடுவது என்று தீர்மானிக்கும்போது இரவல் கணக்கையும் பார்க்கும். இது உலகெங்கும் உள்ள நடைமுறை. யாருமே தொடாத மொழிக்கு எத்தனை நாள் இடம் ஒதுக்குவார்கள்? நீங்கள் ஒரு தமிழ் நாவலை எடுத்துப் போகும்போது, அந்த எழுத்தாளரின் அடுத்த நாவலுக்கும் சேர்த்து இடம் பிடித்துக் கொடுக்கிறீர்கள். உங்கள் மகளுக்கு ஒரு தமிழ்ப் படக்கதை எடுத்துக் கொடுக்கும்போது, அவள் வகுப்புத் தோழிக்கும் சேர்த்து வாங்க வைக்கிறீர்கள்!

லீ கோங் சியானின் நிபந்தனை இந்த மண்ணின் பொது நூலகத்தில் தமிழுக்கு அலமாரி தந்தது. ஒற்றை வெள்ளி கொடுத்த தொழிலாளிகள் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு அலமாரி வாங்கினார்கள். நம்மிடம் யாரும் காசு கேட்கவில்லை. இந்த வாரமே குடும்பத்தோடு கிளம்புங்கள். ஆளுக்கு ஒரு தமிழ்ப் புத்தகமாவது எடுங்கள். படியுங்கள், பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், 21 நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். அதைப் படிக்க இன்னொரு தமிழர் காத்திருப்பார்!